நயினார் வீட்டுக் கார் ஏன் கொதித்தது

கார் கொதிக்கிறது என்று ஒருவர் ஷெட்டுக்கு வந்து நின்றால், மெக்கானிக் தம்பிகளே, உங்களில் பாதிப் பேர் உடனே பானெட்டைத் தூக்குகிறீர்கள். மீதிப் பேர் ரேடியேட்டர் மூடியைத் திருகிக் கையைச் சுட்டுக்கொள்கிறீர்கள். இரண்டு கூட்டத்திலும் நான் இருந்திருக்கிறேன். என் இடது மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. தோல் வெந்தது, ஆறிவிட்டது. இங்கே சொல்லப்போவது வேறொரு காரைப் பற்றி. அதில் எனக்கு ஒரு காயமும் இல்லை. இன்னொருவருக்கு வேலை போயிற்று.

கொதிப்புதான் நம் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு. சிரிக்காதீர்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியைப் பார்த்தால் எனக்கு அலுப்புதான் வரும். காரணம் நாலைந்துக்குள் அடங்கிவிடும். கொதிக்கிற வண்டி அப்படி இல்லை. காரணம் பெல்ட்டில் இருக்கலாம், பம்பில் இருக்கலாம், சாலையில் இருக்கலாம், வெயிலில் இருக்கலாம், ஓட்டுகிறவர் காலில் இருக்கலாம். வண்டிக்கு வெளியே எங்கேயோகூட இருக்கலாம். எத்தனை வருடம் ஆனாலும் அந்த ஆவியைப் பார்த்தால் எனக்குள் ஒரு அரிப்பு கிளம்பிவிடும். இது ஏன் என்று தெரியாமல் சாப்பாடு இறங்காது. ஆனால் அந்த அரிப்பு ஒரு தடவை எனக்குக் கிளம்பவே இல்லை. அந்தக் கதைதான் இது.

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம் ஒரு ஷெட்டில் வேலை பார்த்தேன். தகரக் கூரை, நடுவில் ஒரு குழி, பின்னால் வேப்பமரம். முதலாளி லாரிகளில் பழகியவர். கார் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு இருபத்து நாலு வயது. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டது யார் என்று எனக்குத் தெரியாது. வளர்த்தது நான்தான்.

அந்த ஊரில் அப்பாண்டை நயினார் என்று ஒருவர். பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் சமணக் குடும்பம். நிலம் உண்டு, மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையில் வியாபாரமும் உண்டு. அதிர்ந்து பேசாதவர். இரண்டு வருடத்துக்கு முன் பழைய கறுப்புக் கார் ஒன்று வாங்கியிருந்தார். அதை ஓட்டியவர் ஏழுமலை. நாற்பது வயதுக்காரர். அதற்கு முன்னால் அதே வீட்டில் மாட்டு வண்டி ஓட்டியவர். கார் வந்ததும் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்து, மாட்டை விட்டு ஸ்டீரிங்குக்கு வந்தார். வாடகைக் கார் டிரைவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. "அண்ணன் பிரேக்குக்குப் பதிலா ஹோ ஹோன்னு கத்துவாரு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் அந்தக் கார் ஆவி பறக்க ஷெட்டுக்குள் வந்தது. அவலூர்பேட்டை சந்தைக்குப் போன வண்டி. நயினார், அவர் மனைவி, உறவுக்காரர்கள், குழந்தைகள், காலடியில் மூட்டை. எட்டுப் பேரும் வியர்த்து இறங்கினார்கள்.

"இன்னாண்ணா, சோறு வடிக்கிறியா?" என்றேன்.

ஏழுமலை சிரிக்கவில்லை. "மூணாவது தபா இது தம்பி. தண்ணி ரொம்பத்தான் இருந்துது. காலையிலதான் மாத்தினேன். தெனம் மாத்தறேன், ஒரு நாள் தவறினது கெடையாது."

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தை நான் இப்போது எழுத்துப் பிசகாமல் எழுத முடிகிறது. அன்று அது என் காதில் விழுந்ததோடு சரி. வேலை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டி ஆறியதும் பார்த்தேன். பெல்ட் சரி, பம்பு சரி, குழாய்கள் சரி. ரேடியேட்டரைத் திறந்து தண்ணீரை வாளியில் இறக்கினேன். துரு இல்லை, சேறு இல்லை, குடிக்கலாம் போல இருந்தது. அத்தனை சுத்தமான தண்ணீரை அதுவரை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. அங்கேயே ஒருவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு நிம்மதி வந்தது. தண்ணீர்ப் பக்கம் கோளாறு இல்லை என்று அந்தக் கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானே ஓட்டிப் பார்த்தேன். கோட்டை மதிலைத் தாண்டித் திருவண்ணாமலை சாலையில் நாலைந்து மைல் போய்த் திரும்பினேன். சும்மா ஜம்மென்று ஓடியது. கொதிக்கவில்லை. ஒற்றை ஆள், காலி வண்டி, மலைக்குப் பின்னால் இருந்து சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பெயர் சோதனை இல்லை தம்பிகளே, காற்று வாங்கப் போவது.

நயினார் வந்தபோது ஷெட்டில் இரண்டு வாடகைக் கார் டிரைவர்கள் இருந்தார்கள். முதலாளி இருந்தார். ஏழுமலை வண்டியின் பின்பக்கக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டில கொறையா, ஓட்டறதுல கொறையா? ஒண்ணு சொல்லுப்பா," என்றார் நயினார்.

முதலாளி என்னைப் பார்த்தார். டிரைவர்கள் பார்த்தார்கள். கேட்டவுடன் சொல்கிறவன் என்ற பேர் எனக்கு இருந்தது இல்லையா? தெரியவில்லை என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. "வண்டில ஒண்ணும் இல்லீங்க ஐயா. நான் ஓட்டிப் பாத்துட்டேன். மேல் கியருக்கு மாத்தாம மூணாவது கியர்லயே உருட்டி உருட்டி ஓட்டினா எந்த எஞ்சினும் கொதிக்கத்தான் செய்யும்," என்றேன்.

டிரைவர்களில் ஒருவர், "மாடுன்னு நெனச்சி வெரட்டியிருப்பாரு," என்றார். சிரிப்பு எழுந்தது. ஏழுமலை துணியை மடித்து சீட்டின் மேல் வைத்தார். "நான் அப்படி ஓட்டலீங்க," என்று நயினாரிடம் மட்டும் சொன்னார். நயினார் கையை நீட்டி, "நாளையிலேந்து வேணாம் ஏழுமல," என்றார். அவ்வளவுதான். சாவியை வாங்கிக்கொண்டார். நான் அடுத்த வண்டியின் சக்கரத்தைக் கழற்றப் போய்விட்டேன்.

திண்டிவனத்திலிருந்து புது டிரைவர் வந்தார். தொப்பி போட்டவர், நல்ல கைக்காரர். மூன்று வாரம் போயிருக்கும். பனமலை ஏரிக்கரை ஏறும்போது கார் கொதித்து நின்றது. மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள்.

இனியாவது ஏழுமலை மேல் இருந்த பழி போகும் என்று பார்த்தால், நயினார் வேறு மாதிரி சொன்னார்: "ரெண்டு வருஷமா அவன் ஓட்டின ஓட்டத்துல எஞ்சினே கெட்டுப்போச்சு போல." என் முதலாளி தலையை ஆட்டி, "ஆமாங்க, எஞ்சின எறக்கிடலாங்க," என்றார்.

ஒரு தப்பான தீர்ப்பு எப்படி உயிரோடு இருக்கும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அதற்கு எதிரான சாட்சி வந்து நின்றால், அதையும் தனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்கிறது.

நயினார் போனதும் முதலாளியிடம் போய், "நான் சரியா பாக்கலண்ணா. ஏழுமலண்ணா மேல தப்பு இருக்காதுன்னு தோணுது," என்றேன்.

"தோணுதா? அன்னிக்குத் தோணலியா ஒனுக்கு?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்னாடா பேசற? நீ சொன்னது தப்புன்னு நீயே சொல்லிக்கினா நாளைக்கு எவன் இங்க வண்டி வுடுவான்? அவன் போயிட்டான். வாய மூடிக்கினு எஞ்சின எறக்கு," என்றார்.

எஞ்சினை இறக்கி, எதையாவது மாற்றி, பழியை அப்படியே விட்டுவிடுவது சுலபம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நாள் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஏழுமலை இப்போது அங்கேதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்ததால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் எள் போட்டால் விழாது. ஸ்பெஷல் பஸ் ஒன்றின் படியில் தொங்கிக்கொண்டு, "மலையனூர் மலையனூர்! எடம் இருக்குது, வா வா!" என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் ஏழுமலை. அவலூர்பேட்டையில் ஒரு வீட்டிலும் திண்டிவனத்தில் ஒரு வீட்டிலும் டிரைவர் வேலை கேட்டிருக்கிறார். எஞ்சினை எரித்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

பஸ் நிரம்பிக் கிளம்பியதும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணா, காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி இன்னான்னா செய்வ? ஒண்ணு வுடாம சொல்லு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத அன்னிக்கிக் கேட்டிருக்கணும்," என்றார். ஆனாலும் சொன்னார். அவருக்கு அந்தக் கார் மேல் அவ்வளவு பிரியம்.

விடிந்ததும் ரேடியேட்டர் குழாயைத் திறந்து பழைய தண்ணீரை விட்டுவிடுவார். வீட்டுக் கிணற்றில் புதுத் தண்ணீர் இறைப்பார். துணியை இரண்டாக மடித்து வடிகட்டுவார். வடிகட்டிய துணியைத் திருப்பிப் பிடித்து, அதே கிணற்றுத் தண்ணீரால் கிணற்றுக்குள்ளேயே அலசி விடுவார், துணியில் ஒட்டிய சின்ன உயிர்கள் இருந்த இடத்துக்கே போய்ச் சேரட்டும் என்று. நயினார் வீட்டில் குடிக்கிற தண்ணீருக்கு என்ன முறையோ அதே முறை காருக்கும்.

"நேத்து வடிகட்டின தண்ணில இன்னிக்கி உசுரு உண்டாயிடுமாம். அத எஞ்சின்ல போட்டு வேவ வெக்கக் கூடாதுன்னு ஐயா சொன்னாரு. செய்யறதுக்கு இன்னா, ஒரு வாளித் தண்ணிதான? நானும் தெனம் செஞ்சேன்," என்றார்.

இப்போதுதான் எனக்கு அந்த அரிப்பு கிளம்பியது. ஊரிலேயே சுத்தமான தண்ணீர் குடிக்கிற கார் ஏன் கொதிக்க வேண்டும்? அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விடிந்ததும் நயினார் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு. தண்ணீரை அள்ளிக் குடித்தேன். தெளிவாக இருந்தது, கொஞ்சம் சப்பென்று இருந்தது. அதில் ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பினால், நயினார் மனைவி அடுப்பங்கரைக்கு வெளியே உட்கார்ந்து ஒரு பித்தளைத் தவலையின் உள்பக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஒருவர் நோன்பு. நோன்பு இருப்பவர்கள் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைத்தான் குடிப்பார்கள். அதைக் காய்ச்சுகிற தவலை அது. உள்ளே அடியிலிருந்து பாதி உயரம் வரை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"இது இன்னாங்கம்மா?" என்றேன்.

"இந்தக் கெணத்துத் தண்ணிக்கு இதான் தம்பி. காய்ச்சக் காய்ச்சப் படியுது. தெனம் தேய்ச்சாதான் உண்டு. ஒரு வாரம் வுட்டா அடுப்புல ஏத்தி எந்நேரம் ஆனாலும் சூடு ஏறாது."

நான் அங்கேயே குந்திவிட்டேன். "தெனம் புதுத் தண்ணியாம்மா ஊத்தறீங்க?"

"பின்ன?"

"நேத்து காய்ச்சின தண்ணியவே இன்னிக்கும் காய்ச்சினா இம்மாம் படியுமா?"

அவர் கையை நிறுத்தி யோசித்தார். "படியாது. அதுல இருக்கறதுதான் மொதல்லியே வுட்டுப் போயிடுதே. புதுசா ஊத்தினாதான் புதுசா வரும்."

எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. மற்றவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை தண்ணீர் மாற்றுவார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு, அதுதான் அந்த வெள்ளைப் பொருக்கு, ஒரு தடவை படியும், அத்தோடு சரி. அதன் பிறகு துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தாலும் அந்தக் கிழட்டுத் தண்ணீர் எஞ்சினுக்கு அதிகக் கெடுதல் செய்யாது. நயினார் காரில் இரண்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் புதுச் சுண்ணாம்பு போயிருக்கிறது. உள்ளே தேய்க்கத்தான் ஆள் இல்லை. தவலையில் அடுப்புச் சூடு தண்ணீருக்குப் போகாதது போல, எஞ்சின் சூடும் பொருக்கைத் தாண்டித் தண்ணீருக்கு இறங்காது.

குதிக்கவில்லை. ஏனென்றால் தண்ணீரைத் தினம் மாற்றச் சொன்னது நயினார். இதை அவரிடம் சொல்ல வேண்டும்.

அவரை ஷெட்டுக்கு அழைத்துவந்தேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற பகுதியின் அடியில் ஒரு சின்ன வடிகுழாய் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. நானும் முதல் தடவை தொடவில்லை. அதைத் திறந்தேன். எஞ்சின் நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். வெள்ளைத் தூளும் சில்லும் உதிர்ந்தன. ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து அந்தத் தூளின் மேல் பிழிந்தேன். நுரைத்துக்கொண்டு வந்தது.

"உங்க வூட்டுத் தவலையில படியறதுதாங்க ஐயா," என்றேன். தினம் புதுத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். ஒற்றை ஆளாகக் காலையில் ஓட்டியபோது எஞ்சின் தாக்குப்பிடித்ததையும், எட்டுப் பேர் உச்சி வெயிலில் ஏறியபோது முடியாமல் போனதையும் சொன்னேன்.

நயினார் அந்த நுரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது. "அப்போ, நான் சொன்னத சொன்னபடி செஞ்சதுக்கு அவன அனுப்பிட்டேன்," என்றார்.

"நீங்க இல்லீங்க. பாக்காம நான் சொன்னதுக்கு," என்றேன். முதலாளி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்றோடு எனக்கும் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

நானும் நயினாரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நயினார் ஏழுமலையிடம், "தப்பு எம்மேல. வந்துடு," என்றார். எத்தனை பேர் அப்படிச் சொல்வார்கள்? ஆனால் ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "எம்மேல தப்புன்னு நீ எங்க வெச்சி சொன்ன தம்பி?"

"ஷெட்டுல."

"யார் யார் இருந்தாங்க?"

சொன்னேன்.

"அவங்கள வெச்சிக்கினு அங்கியே சொல்லு. அப்புறம் வரேன்."

சொன்னேன். அந்த இரண்டு டிரைவர்களும் நின்றார்கள், முதலாளி நின்றார், தொப்பிக்காரர்கூட வேடிக்கை பார்த்தார். வண்டி கொதித்ததற்கு ஏழுமலை காரணம் இல்லை, எனக்குக் காரணம் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு அவர் மேல் போட்டேன் என்றேன். நாலு வரிதான். எஞ்சினை இறக்குவது அதைவிட எளிது. தொப்பிக்காரருக்குத்தான் உள்ளுக்குள் சந்தோஷம். "தெனம் தண்ணி எறைக்கற வேல நமக்கு ஆவாதுங்க," என்று அன்றே திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார்.

நாலு நாள் சுரண்டினோம். சலவைச் சோடாவில் ஊற வைத்தோம். அந்தக் கார் உடம்பிலிருந்து இரண்டு முறம் சுண்ணாம்பு வந்தது. இனி என்ன தண்ணீர் ஊற்றுவது என்ற சிக்கலை நயினார் வீட்டம்மாதான் தீர்த்துவைத்தார். வடிகட்டிக் காய்ச்சி ஆற வைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் மேலாக மொண்டு ஊற்றுங்கள், தினம் மாற்ற வேண்டாம் என்றார். காய்ச்சிய தண்ணீரானதால் நயினாரும் சரி என்றுவிட்டார். உச்சி வெயிலில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஏழுமலை அவலூர்பேட்டை போய்வந்தார். வண்டி கொதிக்கவில்லை.

அதற்கப்புறம் நான் அந்த ஷெட்டில் பல வருஷம் இருந்தேன். ஏழுமலை என்னிடம் நன்றாகவே பழகினார். பார்த்தால் நிறுத்தி டீ வாங்கிக் கொடுப்பார், பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். ஆனால் அந்தக் காரில் ஒரு சின்ன வேலை என்றாலும் ஷெட்டைத் தாண்டித் திண்டிவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன்.

"இன்னும் கோவமாண்ணா?"

"கோவம் இன்னாத்துக்கு? நீ நல்ல வேலக்காரன்தான் தம்பி. ஆனா அன்னிக்கு நீ எஞ்சின பாக்கல, என்னப் பாத்து சொல்லிட்ட. எனுக்கு வண்டிய பாக்கறவன்தான் வேணும்," என்று சொல்லிவிட்டு, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.